பட்டமும் தொழில் உரிமையும்

தொழில் உரிமைக்குச் சர்வகலாசாலைப் பட்டம் இன்றியமையாததா? இலங்கையின் சட்டத்தொழில் இதற்கொரு விடை தருகின்றது. 1874ஆம் ஆண்டிலே தோன்றிய கொழும்புச் சட்டக் கல்லூரியிலே, பட்டம் பெறாதவரும் நுழைவுப் பரீட்சையிற் சித்தியடைந்து சேரலாம். சட்டப் பட்டதாரியோ, பட்டத்தை மட்டும் கொண்டு வழக்குரைத்தல் இயலாது. அவரும் அக்கல்லூரியின் பரீட்சையில் தேறி, அனுபவமுள்ள சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயின்று, உயர் நீதிமன்றத்திலே சத்தியம் செய்தல் வேண்டும்.

வைத்தியத் தொழிலிலே பட்டப்படிப்பே பயிற்சியுமாதலால், அதனை விலக்குதல் தகாது. ஆயினும், சர்வகலாசாலைக்குத் தகுதி பெறுவோருள் ஒரு பகுதியினருக்கே இடம் கிடைக்கும் நாட்டிலே, எல்லாத் தொழிலுக்கும் பட்டம் கேட்பது திறமையுடையோர் பலருக்கு வாயிலை அடைப்பதாகும். தன் காணியையும் சுதந்திரத்தையும் சட்டத்தரணியிடம் ஒப்படைக்கும் கட்சிக்காரனுக்கு வேண்டுவது திறமைக்குச் சான்றேயாம். அச்சான்று பட்டத்தாலன்றிப் பரீட்சையாலும் பயிற்சியாலும் கிட்டுமாயின், அதுவே போதுமானது.