பீரங்கிக் குண்டும் வாக்குச் சீட்டும்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பெண்கள் ஆற்றிய பணிக்குப் பரிசாகவே 1918-இல் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது என்று பல நூல்களில் எழுதப்படுவதுண்டு. அந்த உரிமையை அளித்த சட்டத்தின் விதிகளையும், போர்க்காலத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களின் வயதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அக்கூற்று முழு உண்மையன்று என்பது விளங்கும்.

வாக்குரிமைக் கோரிக்கை போருக்கு நெடுநாள் முன்பே வேரூன்றியிருந்தது. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையிலான அமைப்பு மனுக்கள், கூட்டங்கள் வழியே அமைதியாகப் போராட, 1903-இல் மான்செஸ்டரில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய அமைப்பு நேரடி நடவடிக்கைகளில் இறங்கியது. ‘சஃப்ரஜெட்’ என்று அழைக்கப்பட்ட அதன் உறுப்பினர்கள் சிறையில் உண்ணாநோன்பு இருந்தபோது, குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தும் கொடுமைக்கு ஆளாயினர்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் இயக்கம் பிளவுபட்டது. எம்மலின் போராட்டத்தை நிறுத்திவிட்டுப் போர் முயற்சியை முழுமூச்சாக ஆதரிக்க, அவருடைய மகள் சில்வியா போரை எதிர்த்து, கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்களுக்காக மலிவு விலை உணவகங்களை நடத்தினார். 1915 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், போரிடும் நாடுகளைச் சேர்ந்த பெண்களும் பங்கேற்ற அமைதி மாநாடு ஒன்று கூடியது.

அதே ஆண்டில் போர்முனையில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பெரும் பற்றாக்குறை ஏற்பட்டதால், வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் கதவுகள் பெண்களுக்கு அகலத் திறந்தன. டி.என்.டி. எனும் வெடிமருந்தைக் குண்டுகளில் நிரப்பும் வேலையில், சிறு தீப்பொறியும் உயிரைக் குடிக்கும் என்பதால், கொண்டை ஊசி, மோதிரம் முதலிய உலோகப் பொருள்கள் எவற்றையும் உள்ளே கொண்டுசெல்லப் பெண்களுக்கு அனுமதியில்லை. அந்த வேதிப்பொருள் பட்டுப் பட்டுத் தோலும் முடியும் மஞ்சள் நிறமேறியதால் அவர்களை மக்கள் ‘கேனரிப் பெண்கள்’ என்றனர். கேனரி என்பது மஞ்சள் நிறச் சிறு பறவை. அதே நஞ்சு கல்லீரலைத் தாக்க, கடும் மஞ்சள் காமாலையால் இறந்தவர்களும் உண்டு.

லீட்ஸ் நகருக்கு அருகிலிருந்த பார்ன்போ தொழிற்சாலையில், நஞ்சின் கடுமையைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில், பணியாளர்களுக்குப் பாலும் பார்லித் தண்ணீரும் தாராளமாக வழங்கப்பட்டன. 1916 டிசம்பர் 5 அன்று இரவுப் பணி தொடங்கிய சிறிது நேரத்தில், நிரப்பிய குண்டு ஒன்று அங்கே வெடித்து 35 பெண்கள் மாண்டனர். சிதைந்த உடல்கள் சிலவற்றைக் கழுத்தில் அணிந்திருந்த அடையாள வில்லையைக் கொண்டே இனங்காண முடிந்தது. ஆயினும் போர்க்காலத் தணிக்கையால் விபத்தின் விவரங்கள் வெளிவரவில்லை. சில மணி நேரத்திலேயே அதே கூடத்தில் வேலை மீண்டும் தொடங்கியது.

இத்தனைக்கும் பெண் தொழிலாளர்களின் கூலி பெரும்பாலும் ஆண்களின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. 1918 ஆகஸ்டில் லண்டன் பேருந்து, டிராம் பெண் பணியாளர்கள் ஆண்களுக்கு நிகரான போர்க்கால ஊக்கத்தொகை கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றனர். இது போர்க்காலப் பெண்ணுரிமைப் போராட்டங்களில் குறிப்பிடத்தக்கது.

1918 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம், 21 வயது நிறைந்த ஆண்களுக்கும், போர்ப்பணியில் இருந்தவராயின் 19 வயதிலேயும் வாக்குரிமை அளித்தது. பெண்களுக்கோ 30 வயது நிறைந்திருப்பதோடு, தாமோ கணவரோ சொத்துத் தகுதி உடையவராக இருக்க வேண்டுமென்றும் விதித்தது. இதனால் ஏறத்தாழ 84 லட்சம் பெண்கள் வாக்காளராயினர் என்பது பெரும் வெற்றியே. ஆனால் குண்டு நிரப்பியவர்களில் முப்பது வயதுக்குட்பட்டோர் அதற்கு வெளியே நின்றனர். போரில் ஆண்கள் பெருமளவில் மடிந்த நிலையில், சம உரிமை அளித்தால் வாக்காளரில் பெண்களே மிகுந்துவிடுவர் என்ற அச்சமே இந்த வயது வரம்புக்கு முக்கியக் காரணம். அடுத்த ஆண்டே மற்றொரு சட்டம் போருக்கு முந்தைய தொழில் நடைமுறைகளை மீட்க, பெண்கள் பலர் வேலையையும் இழந்தனர்.

ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை 1928-இல்தான் வந்தது. 1916-இல் 18 வயதில் குண்டு நிரப்பிய பெண்ணுக்கு அப்போது வயது 30. வயது வரம்பை நீக்கிய சட்டம் வந்தபோது, அவர் அந்த வரம்பையே எட்டியிருந்தார்.