சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவே

விடிந்தும் விடியாத நேரம். உழவுக்குக் கிளம்ப டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. "பேட்டரி இறங்கிப்போச்சு" என்று நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பழைய வண்டிகளில் பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி மக்கர் செய்வது உண்டு. செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்ன உருளையான சொலினாய்டையும், அதற்கு வந்து போகும் ஒயர்களையும் அப்போது பார்க்க வேண்டும்.

குளிர்ந்து கிடக்கும் டீசல் இஞ்சினைச் சுழற்ற, செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். சாவி சுவிட்சுக்குள் இருக்கும் சிறிய தகடு அதைத் தாங்காது, கருகிவிடும். அதனால் சாவி உத்தரவு மட்டும் போடுகிறது. பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுவது சொலினாய்டின் வேலை.

உருளைக்குள் செம்புக் கம்பிச் சுருள்களும் நடுவில் ஓர் இரும்புத் தண்டும் இருக்கின்றன. சாவியைத் திருப்பியதும் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கிறது. தண்டின் ஒரு முனை, பெண்டிக்ஸ் பல்சக்கரத்தை முன்னே தள்ளி ஃபிளைவீல் பற்களில் கோக்கிறது. மறுமுனை ஒரு செம்பு வட்டைத் தள்ளி இரண்டு கனத்த போல்ட்டுகளைச் சேர்க்கிறது. மோட்டார் சுழல்கிறது. 'டிக்' சத்தம் மட்டும் கேட்கிறதென்றால் தண்டு நகர்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை என்று பொருள்.

ஒயர் கொடுப்பது சிக்கலான வேலை அல்ல. ஒரு பெரிய போல்ட்டுக்குப் பேட்டரியின் பாசிட்டிவ் கேபிள், இன்னொன்றிலிருந்து மோட்டாருக்கு இணைப்பு, சிறிய முனைக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர். கழற்றும்போது முதலில் பேட்டரியின் எர்த் கேபிளை எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்ட இடத்தில் தீப்பொறி பறக்கும். எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் இருந்தால் புது சொலினாய்டு போட்டும் பயனில்லை. உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்துவிட்டுத்தான் முடுக்க வேண்டும்.

மெல்லிய ஒயர் எப்போதும் சாவியிலிருந்து நேராகச் சொலினாய்டுக்கு வருவதில்லை. பல டிராக்டர்களில் அது நியூட்ரல் சுவிட்ச் வழியாக வருகிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டிஇ-20 டிராக்டரில் கியர் லீவரையே 'எஸ்' என்ற நிலைக்குத் தள்ளினால்தான் செல்ஃப் சுற்றும். அந்த நிலையில் எந்தக் கியரும் விழுந்திருக்காது. எட்மண்ட் ஹிலாரி குழுவினர் 1958 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்தது இந்த ரக டிராக்டர்களில்தான். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மெஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகளும் அந்தக் குடும்பத்தில் வந்தவையே.

நியூட்ரல் சுவிட்ச் பழுதானால் ஒயரை 'டைரக்ட்' கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதைவிட ஆபத்தானது, கீழே நின்றபடி பேட்டரி போல்ட்டையும் சிறிய முனையையும் திருப்புளியால் தொட்டு ஸ்டார்ட் செய்வது. அப்போது சாவிக்கும் வேலையில்லை, நியூட்ரல் சுவிட்சுக்கும் வேலையில்லை. டீசல் இஞ்சின் ஓட மின்பொறியும் தேவையில்லை. வண்டி கியரில் இருந்தால் அந்த நொடியே நகரும். திருப்புளியோடு நிற்பவர் இருப்பதோ முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில். உலகின் பல நாடுகளில் விவசாயிகள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்கத் திருப்புளி வேண்டாம், ஒரு மல்டிமீட்டர் போதும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பும்போது, மற்றவர் சக்கரத்துக்கு அப்பால் நின்று சொலினாய்டின் இரு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே அளக்கலாம். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே செம்பு வட்டு கருகியிருக்கிறது. 'டிக்' சத்தமே இல்லையென்றால் மெல்லிய ஒயரையும் நியூட்ரல் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும், நியூட்ரல் சுவிட்ச் உள்ள வண்டிகளில் இன்னொரு சோதனை பாக்கி. சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, பிரேக்கைப் பூட்டி, இருக்கையில் அமர்ந்து, கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டு, கியரைப் போட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். செல்ஃப் சுற்றக் கூடாது. சுற்றினால், அந்த மெல்லிய ஒயரில் இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது.