வைர மோதிரம் வாங்குமுன்: எடை, ரகம், பில்

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதோடு மோதிரம் மாற்றுவதும் நம் வீடுகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. அதிலும் பெண்ணுக்கு வைர மோதிரம்தான் போட வேண்டும் என்று பேச்சு வந்தால் நாம் சற்றுத் திகைக்கத்தான் செய்கிறோம். துவரம் பருப்பைக் கையில் அள்ளியதுமே ரகம் சொல்லிவிடுகிற நாம், வைரக் கடையில் கண்ணாடிப் பெட்டி முன் அமர்ந்தால் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். உள்ளபடி அங்கே நடப்பதும் எடை, ரகம், பில் என்ற மூன்று காரியங்கள்தாம். இம்மூன்றும் நமக்குப் புதியவை அல்ல.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'காரட்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு பொருளில் வழங்குகிறோம். தங்கத்துக்குச் சொல்லும் காரட், மாற்று. 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம். 18 காரட் என்றால் 75 சதவீதம். வைரத்துக்குச் சொல்லும் காரட், எடை. 1 காரட் என்பது 200 மில்லிகிராம். அதை நூறாகப் பகுத்தால் 1 சென்ட், அதாவது 2 மில்லிகிராம். 5 காரட் சேர்ந்தால்தான் 1 கிராம். வைர மோதிரத்தைப் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் செய்கிறார்கள். கல்லைப் பிடித்து நிற்கும் கொக்கிகளுக்கு உறுதி வேண்டும் என்பது காரணம். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தங்கத்துக்கு அன்றைய 22 காரட் விலையைப் போட்டிருந்தால் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

வைரத்தின் விலை எடைக்கு நேராக ஏறுவதில்லை. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முந்திரிப் பருப்பு விற்கிறோமே! டபிள்யூ 180 ரகத்தின் விலையும் டபிள்யூ 320 ரகத்தின் விலையும் ஒன்றா? இரண்டும் முழுப் பருப்புதான், எடையும் கிலோதான். பருப்பின் பருமனில் இருக்கிறது விலை. அதுபோலவே 50 சென்ட் கல் இரண்டின் விலையைக் கூட்டினால் 1 காரட் ஒற்றைக் கல்லின் விலை வராது. ஒற்றைக் கல் வெகுவாகக் கூடுதல். ஆகவே 'மொத்தம் 1 காரட்' என்று சீட்டு எழுதிய மோதிரத்தில் எத்தனை கற்கள், நடுக்கல் எத்தனை சென்ட் என்று பிரித்துக் கேட்க வேண்டும். இன்னொன்று: அரை காரட், 1 காரட் போன்ற முழு எடைகளில் விலை ஒரு படி தாவும். 1 காரட்டுக்குப் பதில் 90 சென்ட் எடுத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பணத்தில் தெரியும்.

ரகம் பார்ப்பது நிறம், தெளிவு, பட்டை என்ற மூன்றையும் வைத்து. நிறத்துக்கு 'டி' முதல் 'இசட்' வரை எழுத்து உண்டு. 'டி' நிறமே அற்றது, 'இசட்' மஞ்சள் ஓடியது. தெளிவுக்கு வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று வரிசை. கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல்களைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்துச் சொல்வது இது. புதிய சங்கதி என்று எண்ண வேண்டாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரைக் கடைவீதியைச் சொல்லும்போதே வைரத்துக்குரிய நான்கு குற்றங்கள் வருகின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. இன்றும் நம் பெரியவர்கள் காக்கைக்கால் பார்ப்பது அந்த வழி வந்ததுதான். 'ப்ளூ ஜாக்கர்' என்று நம் பக்கம் உயர்த்திச் சொல்வதும் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயரை இன்று எந்தக் கல்லுக்கும் சொல்லிவிடலாம். விலை கொடுக்க வேண்டியது சான்றிதழில் உள்ள எழுத்துக்கு.

பட்டையைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. கல் மின்னுவது அதனால்தான். வட்டக் கல்லில் 57 அல்லது 58 முகங்கள் சரியான கோணத்தில் இருந்தால், உள்ளே போன ஒளி திரும்பி மேலே வரும். எடை குறையக்கூடாது என்று அடிப்பாகத்தைக் கனமாக விட்டுவிட்ட கல், தராசில் நிற்கும், விரலில் சிறிதாகத் தெரியும். நன்றாகப் பட்டை தீட்டிய 1 காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். சான்றிதழில் இந்த அளவும் இருக்கும். கல்லின் பின்புறம் தங்கத் தகட்டால் மூடிய அமைப்பில் நிறமும் குறையும் மறைந்துபோகும் என்பதால், மோதிரத்துக்குத் திறந்த அமைப்பே நல்லது.

இனி எடை. நாம் சாக்கு எடை கழித்துத்தான் சரக்குக்குப் பணம் கொடுக்கிறோம். நகையிலும் மொத்த எடையிலிருந்து கல் எடையைக் கழித்து, நிகர எடைக்கே தங்க விலை, செய்கூலி, சேதாரம் எல்லாம் கணக்கிட வேண்டும். 4.200 கிராம் மோதிரத்தில் 50 சென்ட் கல் இருந்தால் தங்கம் 4.100 கிராம்தான். ஒரு மோதிரத்தில் இது சிறு தொகை. அதே கடையில் அடுத்து 5 காரட் கற்கள் பதித்த அட்டிகை எடுத்தால் ஒரு முழு கிராம் தங்கத்தின் விலையும் அதன்மேல் சேதாரமும் கூடுதலாகப் போய்விடும். கல்லுக்குக் கல் விலையும் கொடுத்துத் தங்க விலையும் கொடுப்பது எந்த வியாபார நியாயம்?

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அது போலி அல்ல. அதுவும் கார்பன்தான், உறுதியும் மினுக்கும் ஒன்றே. லென்சில் பார்த்தாலும், கடையில் உள்ள சாதாரணச் சோதனைக் கருவியை வைத்தாலும் வேறுபாடு தெரியாது; ஆய்வுக்கூடத்தின் கருவிதான் சொல்லும். 2023ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் இதற்கான விதைக் கற்களின் இறக்குமதி வரியை நீக்கியது. இந்த ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு நிதியும் கிடைத்தது. உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்தது. டி பியர்ஸ் நிறுவனம் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட் 800 டாலருக்கு இவ்வகைக் கற்களை விற்க ஆரம்பித்து, 2025இல் அந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்துவிட்டது. அணிந்து மகிழ மட்டும் என்றால் இதை வாங்குவதில் குறையொன்றும் இல்லை என்பதே நம் கருத்து. இயற்கை வைரத்தின் விலையில் இதைத் தலையில் கட்டிவிடக்கூடாது, அவ்வளவுதான். 'அமெரிக்கன் டயமண்ட்' என்பதும் மாய்சனைட் என்பதும் வேறு. அவை வைரமே அல்ல. மாய்சனைட் சில சோதனைக் கருவிகளையும் ஏமாற்றிவிடும்.

நம் உறுப்பினர்கள் முக்கியமாக யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீபாவளிச் சரக்கு எடுக்கவும், மொத்த வியாபாரிக்குத் தவணை கட்டவும் வீட்டு நகைதான் நமக்குக் கைம்முதல். தங்க நகைக் கடனில் கல்லின் மதிப்பைச் சேர்க்கக்கூடாது, தங்கத்தின் மதிப்பு மட்டுமே என்பது ரிசர்வ் வங்கி விதி. 2 லட்சம் ரூபாய் மோதிரத்தை அடகுக்குக் கொண்டு போனால் அதிலுள்ள 4 கிராம் தங்கத்துக்குத்தான் பணம். அதுவும் 18 காரட். விற்கப் போனாலும் தங்கத்துக்கு அன்றைய விலை உண்டு. வைரத்துக்கு வாங்கிய கடை என்ன ஒப்புக்கொண்டதோ அதுதான். ஆய்வக வைரமானால் அதுவும் சொற்பம். எனவே சம்பந்திகள் முன் கௌரவத்துக்காகக் கடை முதலைக் கல்லில் போடாமல், கையில் மிஞ்சிய பணத்துக்குள் கல்லின் அளவை முடிவு செய்வதே உசிதம். திரும்ப எடுக்கும்போது எத்தனை சதவீதம், கல்லுக்கா தங்கத்துக்கா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பில்லில் மொத்த எடை, நிகர எடை, கற்களின் எண்ணிக்கை, காரட், நிறம், தெளிவு, இயற்கையா ஆய்வகமா என்பது, சான்றிதழ் எண் ஆகியவை இருக்க வேண்டும். நகைக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம். (கடை பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அது கிடையாது. பின்னால் வட்டியோடு கட்ட நேரும்.) 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது 2017 முதல் தடை. ஹால்மார்க் முத்திரையின் ஆறு இலக்க அடையாளக் குறி 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். அந்த முத்திரை தங்கத்தின் மாற்றுக்கு மட்டுமே சாட்சி, கல்லுக்கு அல்ல. கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வுக்கூடங்களின் சான்றிதழ் வேண்டும். பல கற்களின் விளிம்பில் லேசர் மூலம் சான்றிதழ் எண்ணைப் பொறித்திருப்பார்கள். லென்ஸ் கேட்டு வாங்கி எண்ணை ஒத்துப் பாருங்கள். பணம் கட்டுமுன் பார்க்க வேண்டும், கட்டிய பின் அல்ல.

வாங்கிய பின் ஆண்டுக்கொரு முறை கொக்கிகள் தளர்ந்திருக்கிறதா என்று கடையில் காட்டி இறுக்கிக்கொள்வது நல்லது. மூட்டை தூக்கும் கையும் தராசுத் தட்டும் உள்ள கடையில், கல்லாவில் உட்காரும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடும்படி மருமகளிடமும் சொல்லிவையுங்கள்.