9-க்குப் பின்னால் 21 சுழிகள்

ஆற்றில் ஆளை இழுப்பதும் சுழி, கணக்கில் பூஜ்யமும் சுழி. 9 எழுதி அதன் பின்னால் 21 சுழிகள் போடுங்கள். நொடிக்கு அத்தனை என்ற அளவில் சுழலும் ஒரு நீர்மத்தை, நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ‘ஸ்டார்’ குழு 2017-இல் அறிவித்தது. கடும் சுழல்காற்றின் மையத்தில் இதே அளவு நொடிக்கு 0.1 தான்.

அந்த நீர்மத்தின் பெயர் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. 3.8 கிலோமீட்டர் வளையத்தில் தங்க அணுக்கருக்களை ஒளிவேகத்தை நெருங்க ஓட்டி மோதவிட்டால், புரோட்டானும் நியூட்ரானும் உருகி, அவற்றின் உட்துகள்களான குவார்க்குகளின் குழம்பாகின்றன. எதிரெதிரே ஓடிவரும் இருவர் தோள் இடித்துக்கொண்டால் சுழன்றுதானே போவார்கள்? அணுக்கருக்கள் விளிம்பில் உரசும்போதும் அப்படித்தான். குழம்பு சுழல்கிறது.

ஆனால் அதை யார் பார்ப்பது? ஒளி ஒரு தங்க அணுக்கருவைக் கடக்கும் நேரம்தான் ஏறத்தாழ குழம்பின் ஆயுள். சாட்சி சொல்லக் கிடைத்தது அதில் பிறக்கும் லாம்டா என்ற துகள். ஒவ்வொரு துகளுக்கும் தற்சுழற்சி உண்டு. பம்பரம்போல் உருண்டு சுழல்வதல்ல அது, மின்னூட்டத்தைப் போலப் பிறவிக்குணம். சுழலும் குழம்பில் பிறக்கும் துகள்களின் தற்சுழற்சி, குழம்பின் அச்சுப் பக்கம் சற்றே சாயும் என்று லியாங் ஸுவோ-தாங், வாங் ஷின்-நியான் இருவரும் 2005-இல் கணித்தார்கள். லாம்டா சில சென்டிமீட்டர் ஓடுவதற்குள் புரோட்டானாகவும் பையான் என்ற துகளாகவும் சிதைந்துவிடும். அது போகும்போது ஒரு தடயம் விட்டுப்போகிறது: தற்சுழற்சி எந்தத் திசையோ, அந்தப் பக்கம் புரோட்டான் பாயும் வாய்ப்பு அதிகம்.

2007-இல் வந்த முதல் அளவீட்டில் சாய்வு எதுவும் தென்படவில்லை. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மோதல் ஆற்றலைக் குறைத்து, மேலும் மேலும் தரவு சேர்த்துப் பார்த்தபோதுதான் சாய்வு பிடிபட்டது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவே அது. அந்த ஒன்றிலிருந்துதான் 21 சுழிகளும் கணக்கிடப்பட்டன. இந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பு.

அடுத்த புதிர் மேசான்களிடமிருந்து வந்தது. குவார்க்கு ஒன்று, எதிர்க்குவார்க்கு ஒன்று சேர்ந்தது மேசான். அவற்றில் ஒன்றான ஃபை மேசானின் தற்சுழற்சி ஓர் அச்சைப் பொறுத்து மூன்று நிலைகளில் இருக்கலாம். எதன் பக்கமும் சாயாவிட்டால் ஒவ்வொரு நிலைக்கும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.333. 2023-இல் ஸ்டார் குழு வெளியிட்ட முடிவில், குறைந்த ஆற்றல் மோதல்களில் ஃபையின் மூன்று நிலைகளில் நடுவில் உள்ளதற்குக் கிடைத்த பங்கு ஏறத்தாழ 0.35. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் குழம்பின் சுழற்சியோ மோதலில் எழும் காந்தப்புலமோ இதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வல்விசையின் புலம் இடத்துக்கு இடம் அலைபாய்வதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் வாங்கும் அவருடைய சகாக்களும். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. அதே மோதல்களில் பிறந்த கே-ஸ்டார் மேசான், பிழை வரம்புக்குள், அந்த மூன்றில் ஒரு பங்கிலேயே நிற்கிறது.