கப்பலுக்குப் படகைக் காட்டும் கருவி

நமது விசைப்படகுகள் இன்று கரையினின்று நெடுந்தொலைவு சென்று மீன் பிடிக்கின்றன. பெருங்கப்பல்கள் இரவும் பகலும் செல்லும் வழியிலேயே வலை விரிக்கவும் நேர்கிறது. இதனால் விளையும் கேட்டை நாம் அறிவோம். 2018 ஆகஸ்டு 7-ஆம் நாள், கேரளத்தின் முனம்பத்திலிருந்து சென்ற படகின்மீது கப்பலொன்று மோதியது. அவ்விபத்து குமரி மாவட்டத்து மீனவர் குடும்பங்கள் பலவற்றைத் துயரில் ஆழ்த்தியது. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் மற்றொரு படகு மோதுண்டது. அதிலிருந்த 14 பேரில் இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர்.

கப்பலில் ராடார் இருக்கிறதே, படகு அதற்குத் தெரியாதா என்று கேட்கலாம். மரத்தாலும் கண்ணாடி இழையாலும் ஆன படகுகள் ராடார் அலையை நன்கு திருப்பி அனுப்புவதில்லை. அலை எழும்பும் காலத்திலோ, படகின் புள்ளி கடலலைகளின் புள்ளிகளில் மறைந்துவிடுகிறது. ஆகவே, நாம் கப்பலைப் பார்ப்பது மட்டும் போதாது. கப்பலும் நம்மைப் பார்க்குமாறு செய்தல் வேண்டும்.

இதற்கென அமைந்ததே ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கி அடையாளக் கருவி. இது படகு இருக்கும் இடம், வேகம், செல்லும் திசை, அதற்குரிய ஒன்பது இலக்க எண் ஆகியவற்றை வானொலி அலை வழியே தானே அறிவித்துக்கொண்டிருக்கும். இந்தியப் படகுகளின் எண் 419 எனத் தொடங்கும். பன்னாட்டுக் கடல்களில் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் யாவும் இத்தகைய கருவியை வைத்திருத்தல் கட்டாயமாகும். கப்பலின் திரையில் படகின் குறி தோன்றியதும், இரண்டும் எவ்வளவு நெருங்கும், எத்தனை நிமிடத்தில் நெருங்கும் என்பதைக் கருவியே கணக்கிட்டுக் கூறும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கப்பல் மணிக்கு 15 கடல் மைல் வேகத்திலும், இழுவலைப் படகு 3 கடல் மைல் வேகத்திலும் எதிரெதிரே வருவதாகக் கொள்வோம். 6 கடல் மைல் இடைவெளி 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வலையை நீரில் விட்டிருப்போர் விலகிச் செல்ல இந்த அவகாசம் பெரிதன்று. முன்னறிவிப்பின் மதிப்பு இதனால் விளங்கும்.

சிறு படகுகளுக்கான கருவி, படகு ஓடும்போது 30 விநாடிக்கு ஒரு முறை செய்தி அனுப்பும். படகு ஏறக்குறைய நின்றிருந்தாலோ 3 நிமிடத்துக்கு ஒரு முறைதான் அனுப்பும். அந்த 3 நிமிடத்தில் மேற்சொன்ன கப்பல் முக்கால் கடல் மைல் கடந்துவிடும். ஆதலின், வலையை மிதக்கவிட்டுக் காத்திருப்போர் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இங்கு ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்துவது நமது கடமையாகும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் நமது மாநில விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுள்ளது. அது செயற்கைக்கோள் வழியே கரையோடு தொடர்பு கொள்வது. புயல் எச்சரிக்கையைப் பெறவும் ஆபத்தில் உதவி கோரவும் பயன்படுவது. எதிரே வரும் கப்பலின் திரையில் படகைக் காட்டுவது அதன் வேலையன்று. அது இருக்கிறது என்று எண்ணி ஏ.ஐ.எஸ். கருவியை வேண்டாமென ஒதுக்குதல் தவறு. மேலும், ஏ.ஐ.எஸ். கருவிகளுள் செய்தியைப் பெற மட்டுமே வல்லவையும் உண்டு. அவை கப்பலை நமக்குக் காட்டும். நம்மைக் கப்பலுக்குக் காட்டா. வாங்கும்போது இதைக் கேட்டறிதல் நன்று.

இக்கருவியின் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டிற் செல்வது. எனவே ஆன்டெனாவைப் படகின் உயரமான இடத்திற் பொருத்த வேண்டும். பாட்டரியின் இணைப்புகளில் உப்புப் படியாமல் அடிக்கடி துடைத்து வர வேண்டும். மீன் கிடைக்குமிடத்தைப் பிறர் அறிந்துவிடுவரென்று கருவியை அணைத்து வைத்தல் உயிரோடு விளையாடுவதாகும்.

கருவி வந்துவிட்டதென்று பழைய முறைகளைக் கைவிடலாகாது. எல்லாப் படகுகளிலும் இக்கருவி இல்லை. கப்பலில் இருப்போர் எப்பொழுதும் திரையை நோக்கிக்கொண்டிருப்பர் என்பதற்கும் உறுதியில்லை. இழுவலைப் படகு பச்சை விளக்கையும் அதன் கீழ் வெள்ளை விளக்கையும், பிற வலை விரித்த படகு சிவப்பு விளக்கையும் அதன் கீழ் வெள்ளை விளக்கையும் இரவில் ஏற்ற வேண்டுமென்பது கடல் விதி. அனைவரும் உறங்கும் வேளையில் ஒருவரேனும் விழித்திருந்து நாற்றிசையும் நோக்குதல் இன்றியமையாதது.

கருவியும் விளக்கும் கண் விழிப்பும் ஒன்று சேர்ந்தாலே கடலிற் காவல் நிறைவு பெறும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தம் உறுப்பினர்களைக் கூட்டி இதனை விளக்குமாயின், அது பல குடும்பங்களைக் காக்கும் தொண்டாகும்.