கேளிக்கைப் பூங்காவில் உணவுப் பற்றுச்சீட்டு: வாங்கினால் மிச்சமா?

பண்டார் தெங்காரா – பள்ளி விடுமுறை நெருங்கினால் பண்டார் தெங்காராவிலும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் பிள்ளைகள் வாயில் அடிபடும் பெயர் லெகோலேண்ட். கூலாய் மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து இஸ்கண்டார் புத்ரிக்குக் காரில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நுழைவுச்சீட்டுக்காகப் பெற்றோர் மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். பெட்ரோல், டோல் கணக்கையும் போட்டு வைத்துவிடுகிறார்கள். கணக்கில் விடுபட்டுப் போவது மதியச் சாப்பாடு.

விடுபட்டதைப் பூங்கா ஞாபகப்படுத்துகிறது. இணையத்தில் சீட்டு வாங்கும்போது, பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால், 'உணவுப் பற்றுச்சீட்டும் சேர்த்துக்கொள்கிறீர்களா?' என்ற கேள்வி பல பூங்காக்களில் வந்து நிற்கும். தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. உள்ளே போய் வாங்குவதை விட மலிவு என்று ஒரு வரி. அந்த நேரத்தில் பலரும் யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள். அதே அளவுக்குப் பலர், 'இதெல்லாம் ஏமாற்று வேலை' என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பதிலும் சில குடும்பங்களுக்குச் சரி, சில குடும்பங்களுக்குத் தவறு. எது யாருக்குப் பொருந்தும் என்பது அந்தக் குடும்பம் வழக்கமாக எப்படிச் சாப்பிடுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் பணத்தின் அளவைப் பார்ப்போம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. தோட்டத்தில் வெட்டுக்குப் போகிறவரும் சரி, பட்டணத்துத் தொழிற்சாலையில் நிற்பவரும் சரி, பூங்காவில் நான்கு பேர் ஒரு வேளை சாப்பிடும் செலவை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் விலைகள் எந்தப் பூங்காவின் விலையும் அல்ல. கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. அப்பா, அம்மா, 12 வயது மகன், 6 வயது மகள். பற்றுச்சீட்டு தலைக்கு 30 வெள்ளி. அதற்கு ஒரு தட்டு சோறும் ஒரு குளிர்பானமும் கிடைக்கும். மொத்தம் 120 வெள்ளி. உள்ளே நேரடியாக வாங்கினால் ஒரு தட்டு 26 வெள்ளி, பானம் 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு பானம் வாங்கினால் 136 வெள்ளி. உணவுக்கான சேவை வரி 6 விழுக்காட்டையும் சேர்த்தால் 144 வெள்ளி 16 காசு. இந்தக் குடும்பம் பற்றுச்சீட்டு வாங்கியிருந்தால் 24 வெள்ளி மிச்சம்.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளை ஒரு தட்டு முழுவதையும் சாப்பிடுமா? வெயிலில் ஓடியாடிய பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி விளையாடத்தான் ஓடும். வீட்டில் அம்மா தன் தட்டிலிருந்து மகளுக்கு ஊட்டுவது வழக்கமானால், அந்தக் குடும்பத்துக்கு மூன்று தட்டு போதும். குடிக்க வீட்டிலிருந்து கொண்டு போன தண்ணீர். இப்போது செலவு 78 வெள்ளி; வரியோடு 82 வெள்ளி 68 காசு. இவர்கள் 'மலிவு' என்று நம்பிப் பற்றுச்சீட்டு வாங்கியிருந்தால் 37 வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். அரை நாள் சம்பளத்துக்கும் மேல்.

பற்றுச்சீட்டு விலையை உணவுப் பட்டியல் விலையோடு ஒப்பிட்டால் எப்போதும் மலிவாகத்தான் தெரியும். அதனால் 'நாங்கள் வழக்கமாக எதைச் சாப்பிட்டிருப்போம், அதற்கு எவ்வளவு ஆகியிருக்கும்' என்ற தொகையோடு ஒப்பிட வேண்டும். வீட்டில் குளிர்பானமே வாங்காத குடும்பத்துக்கு, பானம் இலவசம் என்பதால் ஒரு காசும் மிச்சமாகாது.

பூங்காக்கள் ஏன் முன்பணமாகச் சாப்பாட்டை விற்கின்றன? காரணங்கள் எளிமையானவை. பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுகிறது. எத்தனை தட்டு சமைக்க வேண்டும் என்று ஓரளவு தெரிகிறது. சாப்பாடு வாங்கியவர் வெளியே போய்ச் சாப்பிட மாட்டார்; உள்ளேயே இருப்பவர் பொம்மைக் கடையையும் ஐஸ்கிரீம் வண்டியையும் கடந்துதான் நடக்க வேண்டும். போதாததற்கு, வாங்கிய சீட்டுகளில் கொஞ்சம் பயன்படுத்தப்படாமலே போய்விடும். மழை பெய்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், வரிசை நீளம் என்று ஏதோ ஒரு காரணம். பயன்படுத்தாத சீட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பி வராது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த வியாபாரத்தில் லாபம் எங்கிருந்து வருகிறது என்பது வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அங்குள்ள டிஸ்னி தங்கும்விடுதிகளில் தங்குவோருக்காக 2005-இல் உணவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு இரவுக்கு இத்தனை வேளை, இத்தனை நொறுக்குத்தீனி என்று முன்கூட்டியே பணம் கட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் முன்னுணவும் பரிமாறுபவருக்கான அன்பளிப்பும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தன. 2008-இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கொரோனா காலத்தில், 2020-இல் நிறுத்தப்பட்ட திட்டம் 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. அப்போது விரைவு உணவுத் திட்டத்துக்குப் பெரியவருக்கு ஒரு இரவுக்கு 57 டாலர். உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளையும் சேர்ந்த திட்டத்துக்கு 94 டாலர். 10 வயது நிரம்பிய பிள்ளைக்கும் பெரியவர் கட்டணம்தான்! மீதமிருக்கும் வேளைகள் விடுதியை விட்டுக் கிளம்பும் நாள் நள்ளிரவோடு செல்லாமல் போய்விடும். அதனால் கடைசி நாளில் பசியே இல்லாமல் நொறுக்குத்தீனியை வாங்கிப் பையில் அடுக்கும் குடும்பங்கள் அங்கே சாதாரணக் காட்சி.

பத்து வயதுக் கணக்கு நம்மவர்களுக்கும் பாடம். பூங்காக்கள் வயதை வைத்தோ உயரத்தை வைத்தோ கட்டணம் பிரிக்கின்றன. வயிற்றை வைத்துப் பிரிப்பதில்லை. எலும்பும் தோலுமாக இருக்கும் 12 வயதுப் பையனுக்குப் பெரியவர் சீட்டு. அதே சமயம், நன்றாகச் சாப்பிடும் 8 வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் சீட்டு என்றால் அது லாபம்.

ஜொகூரில் நிலைமை டிஸ்னி அளவுக்குச் சிக்கல் இல்லை. 2012 செப்டம்பரில் திறக்கப்பட்ட லெகோலேண்ட் மலேசியா, ஆசியாவின் முதல் லெகோலேண்ட். மறு ஆண்டு நீர்ப் பூங்காவும் தங்கும்விடுதியும் சேர்ந்தன. தோட்டத்துக் குடும்பம் பெரும்பாலும் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடும். ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேளைதான் பிரச்சினை. காலையில் கிளம்பி, கூலாயில் ரொட்டி சானாய் கடையில் வயிறு நிறையப் பசியாறிவிட்டுப் போனால், பூங்கா திறக்கும் நேரத்துக்கு உள்ளே நுழைந்து மதியம் இரண்டு மணி வரை தாக்குப்பிடிக்கலாம். மாலையில் திரும்பும் வழியில் இரவுச் சாப்பாடு. இடையில் வரும் ஒரு வேளைக்காக 'நாள் முழுவதும் சாப்பிடலாம்' வகைத் திட்டத்தை வாங்குவது வீண். அப்படிப்பட்ட திட்டங்களை விற்கும் பூங்காக்கள் சில வெளிநாடுகளில் உண்டு. ஒரு தடவை வாங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் போன்ற இடைவெளி விட்டுத்தான் அடுத்த தட்டு வாங்க முடியும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும்.

'புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் ஆகாதா?' என்று பாட்டிமார் கேட்பது நியாயம்தான். ஆனால் பெரும்பாலான பூங்காக்கள் வெளியுணவை வாசலிலேயே தடுக்கின்றன. கைக்குழந்தையின் பால், கஞ்சி, மருத்துவக் காரணத்துக்கான உணவு ஆகியவற்றுக்கு வழக்கமாக விலக்கு உண்டு. தண்ணீருக்கும் பல இடங்களில் அனுமதி உண்டு. இந்தியாவில் இதே வழக்கு திரையரங்குகளை முன்வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியுணவைத் தடுக்கும் உரிமை அரங்க உரிமையாளருக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கூடவே, இலவசக் குடிநீர் கொடுப்பதையும் குழந்தைக்கான உணவை அனுமதிப்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். நம் நாட்டில் போகும் முன் அந்தந்தப் பூங்காவின் விதிமுறையைப் படித்துக்கொள்வதே வழி.

கட்டிய சோறு வீணாக வேண்டியதில்லை. அதே நாளில் வெளியே போய்த் திரும்பி வர அனுமதிக்கிறார்களா என்று வாசலில் கேட்க வேண்டும். அனுமதி உண்டென்றால், கையில் முத்திரை வாங்கிக்கொண்டு காருக்கோ பேருந்துக்கோ வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம். லெகோலேண்ட் வாசலுக்கு அருகிலேயே மால் ஆஃப் மெடினி இருக்கிறது. எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்து போனால் முக்கால் மணி நேரம் போகும். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடும் இடத்தில் அந்த முக்கால் மணிக்கும் விலை உண்டு. வரிசை குறைவான வார நாளில் அது பெரிய இழப்பு அல்ல. சனி, ஞாயிறில் கதை வேறு. 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறியதிலிருந்து சிங்கப்பூரின் விடுமுறையும் நம் விடுமுறையும் ஒரே நாளில் விழுகின்றன. அந்த நாட்களில் நண்பகல் பன்னிரண்டரைக்கு உணவக வரிசையில் நின்றால் பற்றுச்சீட்டு இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுவது அல்லது இரண்டு மணி வரை தள்ளிப்போடுவது நல்லது.

நம்மவர்களுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றுச்சீட்டு விளம்பரம் சொல்வதில்லை. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இறைச்சி இருக்காது. ஆனால் மாட்டிறைச்சி இருக்கலாம். பர்கர், தக்காளிச் சாற்றோடு வரும் ஸ்பாகெட்டி, ரெண்டாங் என்று பிள்ளைகள் கை நீட்டும் பலவற்றில் மாட்டிறைச்சி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பற்றுச்சீட்டு குறிப்பிட்ட இரண்டு மூன்று உணவுகளுக்கு மட்டும்தான் செல்லும் என்றால், அதில் கோழியோ சைவமோ உண்டா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். புரட்டாசியிலோ வெள்ளிக்கிழமையிலோ சைவம் இருப்பவருக்கு, கிடைப்பது வறுத்த உருளைக்கிழங்கும் பானமும்தான் என்றால் 30 வெள்ளிச் சீட்டின் மதிப்பு பாதிகூடத் தேறாது. குடும்பத்தில் ஒருவர் சைவம் என்றால், மற்ற மூவருக்கு மட்டும் பற்றுச்சீட்டு வாங்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்க வேண்டிய கட்டாயம் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலைப்பட்டியலைப் படிப்பதிலும் ஒரு விஷயம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் சேவை வரியும் மேலே சேரும் என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. 2024 மார்ச்சில் மற்றப் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கு 6 விழுக்காடாகவே விடப்பட்டது. பெரும்பாலும் 10 விழுக்காடாக இருக்கும் சேவைக் கட்டணம் உணவகம் தானே வசூலிப்பது. முகப்பில் நின்று நாமே தட்டை வாங்கிக்கொள்ளும் கடைகளில் பொதுவாக அது இருக்காது. பற்றுச்சீட்டு விலையில் இவை அடங்கியிருந்தால் கணக்கு பற்றுச்சீட்டுக்குச் சாதகமாகக் கொஞ்சம் சாயும்.

மறுபடி நிரப்பிக்கொள்ளும் நினைவுக் குவளைக்கும் இதே கணக்குத்தான். குவளையின் விலையை ஒரு பானத்தின் விலையால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கு மேல் வந்தால், ஒரு நாளில் அத்தனை முறை குளிர்பானம் குடிக்கப் போகிறோமா? நான்கு பேர் ஒரே குவளையில் குடிக்கலாம் என்று விட்டால் லாபம். பூங்காவின் விதி அதை அனுமதிக்காமலும் இருக்கலாம். நீர்ப் பூங்காக்களில் கைப்பட்டையில் பணம் ஏற்றிச் செலவழிக்கும் முறை இருந்தால், மீதிப் பணத்தை அன்றே எந்த முகப்பில் திரும்பப் பெறலாம் என்று ஏற்றும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத் துணியோடு மாலை பேருந்துக்கு ஓடும்போது அது ஞாபகம் வராது.

கோயில், இளைஞர் மன்றம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று பேருந்து பிடித்துப் போகும் குழுக்களுக்குக் கணக்கு மாறும். நாற்பது பிள்ளைகளைத் தனித்தனியாக வரிசையில் நிறுத்திச் சாப்பாடு வாங்குவது நடக்காத காரியம். சிலரிடம் பணம் இருக்கும், சிலரிடம் இருக்காது. பக்கத்துப் பிள்ளை பர்கர் சாப்பிடும்போது வெறும் ரொட்டியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்க விரும்ப மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம் என்பது இங்கே பணத்தை விடப் பெரிய வசதி. குழுக்களுக்கு உணவோடு சேர்த்துத் தனி விலை கொடுக்கும் வழக்கம் பல பூங்காக்களில் உண்டு. ஏற்பாட்டாளர் தொகையைப் பெற்றோரிடம் சொல்லும்போது நுழைவுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் பிறகு பேச்சு வராது. மாட்டிறைச்சி வேண்டாதவர், சைவம், ஒவ்வாமை உள்ள பிள்ளை ஆகியோரின் எண்ணிக்கையைப் பணம் கட்டும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் வராமல் போகும் பிள்ளையின் சாப்பாட்டுப் பணம் திரும்புமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

வாங்கிய பிறகு சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்றாக இருந்தால் பேசாமல் வந்துவிட வேண்டியதில்லை. விளம்பரப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். ரசீதையும் பயன்படுத்தாத சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் பூங்காவின் வாடிக்கையாளர் முகப்பில் கேட்கலாம். அங்கே தீராவிட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயமும் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை, மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி.