ஒன்பது வாய்ப்புகளும் ஒரு நிபந்தனையும்

கல்விக்கடன் நாடிவரும் சித்தூர்ப் பெற்றோர் சிலர், பிள்ளை நோயால் இழந்த பள்ளி ஆண்டுகளை நாம் கேட்குமுன்பே விளக்கத் தொடங்குவர். நாம் முதலில் பார்ப்பது சேர்க்கைக் கடிதத்தையே.

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள். ஐந்தாண்டுகளில் ஒன்பது முறை தேர்வெழுதலாம். உடல் இடங்கொடுக்கும் பருவத்தில் ஒரு பாடம் மட்டும் எழுதினாலும் போதும். ஆனால், திருப்பதி ஐ.ஐ.டி.யை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த ஈராண்டுகளில் இருமுறை மட்டுமே எழுத முடியும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முதன்முறை எழுதிய ஆண்டே அதற்குக் கணக்கு. அவ்வாண்டின் தகவல் குறிப்பேட்டைப் படித்த பின்பே பாடங்களைப் பிரித்து எழுதுதல் நலம்.

தலசீமியா, ஹீமோபிலியா ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புக்குரிய சான்றிதழை விண்ணப்பிக்குமுன்பே பெற்றுவைத்தல் வேண்டும்.